ஊர் மாறிய வீடு

பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960–62இல் கொழும்பு அல்பிரட் பிளேஸில் கட்டிய வீடு இது. சிறிய காணி, நெருக்கமான அயல். அதனால் தெருவுக்கு மதிலை மட்டும் காட்டி, அறைகளை எல்லாம் நடுமுற்றத்தைப் பார்க்கத் திருப்பினார். பழைய முற்றத்து வீட்டை நகரத்துக்கு மீட்டுத் தந்த வீடு என்றே சொல்லலாம்.

2009இல் காணி கைமாறியபோது இதை இடித்துத் தள்ள மனம் வரவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, எண்ணிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் இந்த லுணுகங்கத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார்கள்.

தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தாழ இறங்கும் ஓட்டுக்கூரையின் நிழல் உங்கள் காலடியில் முடிகிறது. அங்கிருந்து முற்றத்து வெயில். மழை வந்தால் இன்னும் நல்லது, அது நேரே வீட்டின் நடுவில் விழும்.