மான்வேட்டை உடையும் உடைமை உறவுகளும்

1

உடை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அணிகலன், சடங்கு, சாதிக் குறியீடு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. ஒரு தொழிலைச் செய்யும்போது மனிதன் எதனை உடுத்துகிறான், அதனை எவ்வடிப்படையில் தெரிவு செய்கிறான் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மான்வேட்டைக்குரிய உடையையும் கருவிகளையும் இக்கட்டுரை ஆய்வுப் பொருளாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கு உடையானது, முதல் நோக்கில், முற்றிலும் இயற்கையாலேயே நிர்ணயிக்கப்படுவதாகத் தோன்றுகிறது. குளிர், மழை, நிலத்தின் நிறம், விலங்கின் கண்ணும் செவியும் மூக்கும் என்பனவே வேடனின் உடையைத் தீர்மானிக்கின்றன என்று எண்ணத் தோன்றும். மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலான உறவு மட்டுமே சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் இவ்விடயத்தில், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு எந்த அளவுக்கு ஊடுருவியுள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் இயற்கை விதிக்கும் நிபந்தனைகளை நோக்குவோம். இவற்றைப் புறக்கணித்துவிட்டு வர்க்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது கொச்சையான பொருள்முதல்வாதமாகவே முடியும்.

மானின் புலன்களுள் மிகக் கூர்மையானது மோப்பம். வேடன் எத்தகைய உடையை அணிந்தாலும், காற்று அவனிடமிருந்து மானை நோக்கி வீசுமாயின் அவ்வுடையால் பயனில்லை. ஆதலால் அனுபவமுள்ளோர் உடையை வாசனையற்ற சவர்க்காரத்தில் கழுவி, சமையற் புகையும் எரிபொருள் மணமும் படியாத இடத்தில் வைப்பர். எனினும் காற்றுக்கு எதிர்முகமாக நகர்வதையே முதன்மையான விதியாகக் கொள்வர்.

அடுத்தது ஒலி. விறைப்பான செயற்கை இழைத் துணி முட்செடியில் உரசும்போது எழுப்பும் ஓசை மானை எச்சரித்துவிடும். கம்பளித் துணி ஏறத்தாழ ஓசையற்றது. மேலும், கம்பளி இழை தன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னரும் உடற்சூட்டைப் பேண வல்லது. பருத்தியோ நனைந்ததும் உடலோடு ஒட்டி வெப்பத்தை இழக்கச் செய்கிறது. மலையேறும்போது வியர்த்து, பின்னர் மணிக்கணக்கில் அசையாது காத்திருக்கும் வேடனுக்கு இவ்வேறுபாடு உயிராபத்தையும் விளைவிக்கலாம். எனவே ஒரே தடித்த மேலங்கிக்குப் பதிலாகப் பல அடுக்குகளாக உடுத்துவதே முறை. உடலோடு ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியேற்ற வேண்டும். நடு அடுக்கு சூட்டைக் காக்க வேண்டும். புற அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்க வேண்டும். நடக்கும்போது களைந்து, அமரும்போது அணிவதற்கு இவ்வமைப்பு இடமளிக்கிறது. புதிய சப்பாத்தோடு வேட்டைக்குச் செல்வது கூடாது. முன்னரே பலநாள் அணிந்து காலுக்குப் பழக்கியதாக அது இருத்தல் வேண்டும்.

மூன்றாவது பார்வை. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புக் கலங்கள் மூவகைப்பட்டவை; மானின் கண்ணிலோ இருவகையே உள. நீண்ட அலைகளுக்குரிய வகை மானுக்கு இல்லை என்பதை 1990களின் தொடக்கத்தில் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஆதலால் நமக்குக் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறம் மானுக்குப் பச்சையிலிருந்து எளிதில் பிரித்தறிய இயலாத மங்கலான நிறமாகும். மாறாக நீல நிறத்தை அது நன்கு காண்கிறது. நீலக் காற்சட்டையும், வெண்மையூட்டும் இரசாயனம் கலந்த சலவைத்தூளில் கழுவிய துணியும் மானின் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிவன. எல்லாவற்றுக்கும் மேலாக, அசைவு உடனடியாகக் காட்டிக்கொடுக்கும்.

கருவிகளின் தெரிவும் இந்நிபந்தனைகளோடு தொடர்புடையது. வில்லால் வேட்டையாடுபவன் முப்பது யார் அளவுக்கேனும் மானை நெருங்க வேண்டும். றைபிள் உடையவன் நூறு அல்லது இருநூறு யாருக்கு அப்பால் நின்றும் சுடலாம். எனவே ஆயுதத்தின் வீச்சு குறையக் குறைய, உடையின் மறைப்பும் ஓசையின்மையும் முக்கியத்துவம் பெறுகின்றன. கூரிய சிறு கத்தி, கயிறு, திசையறிகருவி, தீப்பெட்டி, கைவிளக்கு, தொலைநோக்கி என்பன பொதுவான தேவைகள். மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்போருக்கு இடுப்பையும் தோளையும் பிணைக்கும் காப்புப்பட்டி இன்றியமையாதது. அமெரிக்க வேடரிடையே கடுங்காயங்களுக்குப் பரணிலிருந்து வீழ்தல் ஒரு முக்கிய காரணமாகும்.

3

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். விலங்கிடமிருந்து மறைய வேண்டிய வேடன், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில், துப்பாக்கி வேட்டைக் காலத்தில் ஒளிரும் செம்மஞ்சள் உடை அணியச் சட்டத்தாலோ அறிவுறுத்தலாலோ வலியுறுத்தப்படுகிறான். கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமும் தலையணியும், பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் மொத்தம் 250 சதுர அங்குலமும் அந்நிறத்தில் இருத்தல் வேண்டும். விஸ்கொன்சின் மாநிலம் 2016 இல் ஒளிரும் இளஞ்சிவப்பையும் அனுமதித்தது. வெள்வால் மான் மிகுந்த பிரதேசங்களில் வெள்ளைக் கைக்குட்டையைக்கூட வெளியே எடுக்கலாகாது என்று புதியோருக்குக் கற்பிக்கப்படுகிறது. அது மானின் வாலெனத் தோன்றக்கூடும்.

இவ்வுடை மானுக்காக ஏற்பட்டதன்று. மற்றொரு வேடனுக்காக ஏற்பட்டது. தூரவீச்சுத் துப்பாக்கி பண்டமாகப் பெருகி, இலட்சக்கணக்கானோர் ஒரே பருவத்தில் ஒரே காடுகளுள் நுழையும் சமுதாயத்திலேயே இத்தகைய உடைக்கு அவசியம் ஏற்படுகிறது. மான் காணாததும் மனிதன் காண்பதுமான நிறம் ஒன்று கிடைத்தமை இயற்கையின் வாய்ப்பு. அந்நிறம் தேவைப்பட்டமை சமுதாயத்தின் விளைவு.

4

வேடன் யாருடைய கண்ணுக்குத் தெரிய வேண்டும், யாருடைய கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்ற வினா வரலாற்றில் உயிர்ப்பிரச்சினையாக இருந்துள்ளது. நோர்மானியர் 1066 இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பரந்த நிலப்பரப்புகள் அரசனின் வேட்டைக் காடுகளாக்கப்பட்டன. மானைக் கொன்றவனின் உயிரையோ உறுப்பையோ பறிக்கும் தண்டனை 1217 ஆம் ஆண்டின் காட்டுச் சாசனத்தாலேயே நீக்கப்பட்டது.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மரணதண்டனை மீண்டும் வந்தது. வின்ட்சர் காட்டிலும் ஹாம்ப்ஷயரின் வோல்தம் பகுதியிலும் முகத்தில் கருமை பூசி மான்காப்பகங்களுள் நுழைந்தோர் ‘கறுப்பர்’ எனப்பட்டனர். 1723 இல் நிறைவேறிய ‘கறுப்புச் சட்டம்’, முகத்தைக் கருமையாக்கியோ வேடமிட்டோ ஆயுதத்தோடு காட்டிலும் மான்காப்பகத்திலும் காணப்படுவதையே மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. மூன்று ஆண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் நூறு ஆண்டுகள், 1823 வரை, நிலைத்தது. மான் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட அவசியமன்று. வேடனின் ஒப்பனையே குற்றமாயிற்று.

இச்சட்டத்தின் பின்னணியை இ. பி. தொம்சன் 1975 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். விறகு, புற்கரி, மேய்ச்சல் ஆகியவற்றில் வழிவழியாக அனுபவித்த உரிமைகள் பறிபோவதை எதிர்த்த சிறு விவசாயிகளும் கைவினைஞரும் இப்போராட்டத்தில் கலந்திருந்தமையை அவர் காட்டுகிறார். மான்கள் அவர்களின் பயிரை மேய்ந்தன. மானைத் தொடும் உரிமையோ அவர்களுக்கு இல்லை. முகத்தில் பூசிய கரி மானிடமிருந்து மறைவதற்கன்று. தம்மை அடையாளங்காணக்கூடிய காவலனிடமிருந்து மறைவதற்கே. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பதோடு அவ்வர்க்கத்தையும் ஓரளவு கட்டுப்படுத்துவது என்ற தொம்சனின் முடிவு மாக்ஸியரிடையே விவாதத்தைக் கிளப்பியது. அதனை ஏற்போரும் மறுப்போரும், ஒருவனின் முகக்கரி அவனைத் தூக்குமேடைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை மறுக்கமுடியாது.

5

ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1814 முதல் 1820 வரை சதர்லாந்துச் சீமாட்டியின் நிலங்களிலிருந்து ஏறத்தாழ 15,000 மக்கள் வெளியேற்றப்பட்டு, அந்நிலம் செம்மறிகளுக்கு விடப்பட்டதை மாக்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் எடுத்துரைக்கிறார். செம்மறி மேய்ந்த நிலங்களும் பின்னர் மான்காடுகளாயின என்பதையும் அவர் சுட்டுகிறார். மரங்களே அற்ற இக்‘காடுகள்’ முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் முப்பத்தைந்து இலட்சம் ஏக்கர் அளவுக்குப் பரந்திருந்தன.

இன்று மான்வேட்டையின் மரபுடையாகக் கருதப்படும் டுவீட் துணி புகழடைந்த களம் இதுவே. கோடுகளும் கட்டங்களும் கொண்ட தனித்தனி டுவீட்டைப் பல பண்ணைகள் 1840களிலிருந்து தமக்கென வகுத்துக்கொண்டன. 1852 இல் பல்மோரலை வாங்கிய விக்டோரியா அரசியின் கணவர் அல்பேட்டும் அங்குள்ள கருங்கல்லின் சாயலில் சாம்பல்நிற டுவீட் ஒன்றை வகுத்தார். இத்துணி அவ்வப்பகுதிப் பாறை, பாசி, புதர் ஆகியவற்றின் நிறங்களோடு கலந்து வேடனை மறைத்தது. கம்பளியாதலால் ஈரத்திலும் சூடு காத்தது, ஓசையும் எழுப்பவில்லை. இவ்வகையில் அது சிறந்த வேட்டை உடையே. ஆனால் அதே துணி இன்னொரு பணியையும் ஆற்றியது. நிலப்பிரபு ஆண்டுதோறும் தன் வேட்டைத்துணைவருக்கும் காவலருக்கும் வழங்கிய சீருடையும் அதுவே. மானின் கண்ணுக்கு மறைப்பாக அமைந்த உடை, மனிதக் கண்ணுக்கு ‘இவன் இன்ன பண்ணையின் ஆள்’ என்ற அறிவிப்பாக அமைந்தது.

1887 நவம்பரில் லூயிஸ் தீவின் நிலமற்ற குடியானவர்கள் பார்க் என்னும் மான்காட்டினுள் நுழைந்து மான்களைச் சுட்டனர். தமக்கு நிலமாக வழங்குமாறு வேண்டி மறுக்கப்பட்ட பகுதி அது. அவர்கள் முகத்தில் கரி பூசவில்லை. இரவில் ஒளிந்து செல்லவும் இல்லை. முன்கூட்டியே அறிவித்து, பகற்பொழுதில் கூட்டமாகச் சென்றனர். காணப்படுவதே அவர்களின் நோக்கமாக இருந்தது. எடின்பரோவில் கலகக் குற்றஞ் சாட்டப்பட்ட அவர்களின் தலைவர்களை 1888 சனவரியில் யூரிமார் குற்றமற்றவர்கள் எனத் தீர்த்தனர். வேட்டை உடையின் முதல் விதியான மறைதலை அவர்கள் வேண்டுமென்றே கைவிட்டமையே அவ்வேட்டையின் அரசியல் உள்ளடக்கமாகும்.

6

மான்காட்டின் மறைப்புக்கலை விரைவில் போர்க்களத்தை அடைந்தது. 1900 இல் போயர் யுத்தத்துக்கென லோவற் பிரபு திரட்டிய படைப்பிரிவில் மான்காட்டு வேட்டைத்துணைவர்கள் சேர்க்கப்பட்டனர். இலையும் கந்தலும் தொங்கும் அவர்களின் மறைப்புடை முதலாம் உலகப் போரில் மறைந்திருந்து சுடுவோரின் உடையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கும் வியட்நாம் போருக்கும் பின்னர், எஞ்சிய படையுடைகள் மலிவு விலையில் அமெரிக்க வேடரை வந்தடைந்தன. 1980 இல் ‘ட்ரீபார்க்’, 1986 இல் ‘ரியல்ட்ரீ’, ‘மொஸி ஓக்’ என வேட்டைக்கென்றே வரையப்பட்ட மறைப்புக்கோலங்கள் வணிகப் பெயர்களோடு சந்தைக்கு வந்தன.

மரப்பட்டையையும் இலை நரம்பையும் நுட்பமாக அச்சிட்ட இத்துணிகளில் ஒரு விசேடம் உண்டு. நுண்விவரங்களைப் பிரித்தறிவதில் மானின் கண் மனிதக் கண்ணைவிடத் தாழ்ந்தது. உருவத்தின் வெளிக்கோட்டைச் சிதைக்கும் பெரிய திட்டுகளே அதனை ஏய்க்கப் போதுமானவை. இலை நரம்பின் நேர்த்தி மானை நோக்கியதன்று. கடையில் துணியைத் தடவிப் பார்க்கும் வாங்குவோனை நோக்கியது. பயன்பெறுமதியைப் பரிமாற்றப் பெறுமதி விஞ்சுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. 1723 இல் உயிரைப் பறிக்கக்கூடியதாக இருந்த முகக்கரி, இன்று சிறு குழாய்களில் அடைத்து விற்கப்படுகிறது.

7

நமது நாட்டோடும் இவ்வரலாறு தொடர்புடையது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடும் கத்தியோடும் மரைகளைத் துரத்தி வேட்டையாடியதைப் பெருமிதத்தோடு எழுதினார். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ஆய்வில் காணப்படும் வேடரோ வில்லும் அம்பும் கோடரியும் நாயும் கொண்டு, அரையுடையோடு மானை நெருங்கியவர்கள். அவர்களுக்கு மறைப்பாக அமைந்தது துணியன்று; காற்றையும் நிலத்தையும் பற்றிய அறிவே. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது வேடரின் பரம்பரை வேட்டைநிலம் அதனுள் அகப்பட, அவர்களின் வாழ்தொழில் சட்டவிரோதமாயிற்று. விலங்குகளைப் பாதுகாத்தல் அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாதுகாப்பின் விலையை யார் செலுத்தினர் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

தொகுத்து நோக்குமிடத்து, கம்பளி சூடு காப்பதும் மான் செம்மஞ்சளை வேறுபடுத்தி அறியாமையும் வர்க்கஞ் சாராத உண்மைகள். அவ்வுண்மைகளை அறிந்து உடையைத் தெரிவு செய்பவன், யாருக்கு உரிய நிலத்தில், யாருடைய அனுமதியோடு நிற்கிறான் என்பது வர்க்கஞ் சார்ந்தது. நமது இலக்கியங்களில் வரும் வேட்டுவக் கோலங்களை ஆராய்வோர் அவற்றை வருணனை என ஒதுக்கிவிடாது, அக்கோலம் விலங்கிடமிருந்து மறைவதற்கா, மனிதரிடமிருந்து மறைவதற்கா, அன்றி மனிதருக்குக் காட்டுவதற்கா என வினவுவார்களாயின், புதிய சமுதாய வரலாற்றுத் தரவுகள் பல கிடைக்கக்கூடும்.