சாய்ந்தால் திரும்பும் பலகை

மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி கவுன் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சறுக்கி இறங்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அவர் கமலி மூர்த்தி. அமெரிக்க ஸ்கேட்போர்டு நட்சத்திரம் டோனி ஹாக் பகிர்ந்த பிறகு அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. கமலியையும் அவர் தாய் சுகந்தியையும் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ ஆவணப்படம் 2020-ல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. எல்லார் கண்ணும் கவுன்மேல். காலுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

சென்னையில் உள்ள பாடிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வண்டிப் பாகங்களோடு வளர்ந்த ஊர் அல்லவா!

ஸ்கேட்போர்டு என்னும் இந்த வண்டிக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கவிழ்த்துப் போட்டால் சூட்சுமம் தெரியும். முன்னும் பின்னும் ‘டிரக்’ எனப்படும் இரண்டு அச்சுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சாய்வாக ஒரு கிங்பின். அதில் கோத்த இரண்டு பாலியூரித்தேன் புஷ்கள். ஆள் ஒரு பக்கம் எடையைப் போட்டால் புஷ்கள் நசுங்கும். இரண்டு அச்சுகளும் எதிரெதிராகத் திரும்ப, பலகை சாய்ந்த பக்கமே வளைந்து ஓடும். கிங்பின் நட்டை இறுக்கினால் திரும்ப மறுக்கும். தளர்த்தினால் வேகத்தில் ஆட்டம் காணும். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பேரிங்குகள். பேரிங் கடையில் ‘608’ என்று கேட்டாலே போதும்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. 1970-களில் பாலியூரித்தேன் சக்கரம் வரும்வரை களிமண் கலவைச் சக்கரங்கள்தான். சின்னக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் பறப்பார்.

பலகையின் மேல்பக்கம் முழுக்க உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டை. பின்காலால் பலகையின் பின்முனையான வாலைத் தரையில் அடித்து, முன்காலை அந்தப் பட்டையில் உரசி மேலே இழுத்தால் பலகையும் காலோடு எழும்பும். ‘ஆலி’ என்னும் இந்தத் தாவல்தான் பல வித்தைகளுக்கு அரிச்சுவடி. ஷூ போட்டவர்களுக்கே அந்த ஷூ சீக்கிரம் தேய்ந்துவிடும். வெறுங்காலுக்குக் கேட்கவே வேண்டாம்.

சரிவில் இறங்குவது வேறு சோதனை. வாலை விளிம்பில் மிதித்து நிறுத்தி, முன்காலை ஓங்கி அழுத்தி, உடம்பையும் பலகையோடு முன்னே போட வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை மட்டும் முன்னே ஓடிவிடும். மரத்தளமானாலும் சிமெண்டானாலும், தலைக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

1950-களில் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள் தரையில் தேடிய பொழுதுபோக்குதான் ஸ்கேட்போர்டு. அலைச்சறுக்கு பனிக்கும் போனது: 1965-ல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி மகளுக்குக் கொடுத்தார். பனிப்பலகை அந்த வழியில் வந்தது. கமலி நேர் எதிர்த் திசையில் போனார். தரையிலிருந்து கடலுக்கு இறங்கி, அலைச்சறுக்கிலும் போட்டியாளராகிவிட்டார். அங்கே புஷ்ஷும் இல்லை, பேரிங்கும் இல்லை. பலகையின் அடியில் துடுப்புகள் மட்டும்தான்.