மொட்டை மாடி சாவி யாரிடம்?

திருவண்ணாமலையில் ஃப்ளாட் பார்க்கப் போகிறீர்களா? பால்கனியில் நின்று மலையைப் பார்த்த ஜோரில் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். பூட்டு தொங்குகிறதா? சாவி யாரிடம்னு கேளுங்க.

முட்டிவலிக்கார அம்மாவால் தினமும் 14 கிலோமீட்டர் கிரிவலம் போக முடியுமா? அவருக்கு வெயிலும் நாலு எட்டு நடையும் கிடைப்பது மாடியிலும் காம்பவுண்டுக்குள்ளும்தான். (தீபத்தன்று மலை உச்சி ஜோதியைப் பார்க்கவும் அதே மாடிதான்!)

"மாடி முழுக்க மேல் வீட்டுக்காரருக்கு" என்று பில்டர் சொன்னால் தலையாட்டாதீர்கள். 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தில் மொட்டை மாடி, பூங்கா, விளையாடுமிடம், திறந்தவெளி பார்க்கிங் எல்லாம் பொது இடக் கணக்கு. பார்க்கிங்கைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று, மும்பை வழக்கு ஒன்றில் 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முந்தைய கட்டடமா? பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, மாடி யாருக்கு என்று அதில் இருக்கும்.

கோயில் ஊராச்சே, அடிமனை யாருடையது? கோயில் மனை என்றால் மண்ணில் உங்களுக்குப் பங்கில்லை, குத்தகை உரிமைதான். 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத்துறை ஆணையர் அனுமதி வேண்டும். அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், சாயங்காலம் ஒருநாள் போய், அங்கே குடியிருக்கிற பெரியவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள்.