கிரேக்க, உரோம மெய்யியல்: தமிழ் மாணவர்க்கு ஓர் அறிமுகம்

பண்டைக் கிரேக்க, உரோம மெய்யியலைத் தமிழிலேயே மாணவர்க்கு அறிமுகப்படுத்த இயலுமா என்னும் வினா, புக்கிட் பாத்தோக் வட்டாரத்துப் புகுமுக வகுப்பு மாணவர் சிலரோடு உரையாடியபொழுது நம்முன் எழுந்தது. பெயர்களும் ஆண்டுகளும் இடர் தரவில்லை. சாக்ரட்டீஸ் கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்தார் தீர்ப்பின்படி நஞ்சுண்டு இறந்ததும், அவர்தம் மாணவர் பிளேட்டோ அக்காதெமியை நிறுவியதும், அங்குப் பயின்ற அரிஸ்டாட்டில் பின்னர்த் தமக்கெனக் கல்விக்கூடம் கண்டதும் எளிதில் விளங்கின. இடர்ப்பாடு சொற்களில்தான் இருந்தது.

'தத்துவம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சைவ சித்தாந்தம் கூறும் 36 தத்துவங்களைக் கேள்வியுற்ற மாணவர், 'கிரேக்கத் தத்துவம்' என்றவுடன் அத்தகைய பட்டியலொன்றை எதிர்பார்க்கின்றனர். ஆதலின் 'மெய்யியல்' எனலே பொருந்தும். இதனினும் சிக்கலானது 'அரெட்டே' என்னும் கிரேக்கச் சொல். இதனை 'அறம்' எனப் பெயர்ப்பாருண்டு. ஆயின், கத்திக்கும் குதிரைக்கும்கூட அரெட்டே உண்டென்பது கிரேக்கர் வழக்கு. நன்கு வெட்டுதல் கத்தியின் அரெட்டே. கத்திக்கு அறம் உண்டென்றால் மாணவர் நகைக்கத்தான் செய்வர். அரசனுக்கு 'இறைமாட்சி'யும் படைக்குப் 'படைமாட்சி'யும் வகுத்த வள்ளுவரின் சொல்லே இங்குக் கைகொடுக்கிறது. ஒன்று தன் தொழிலுக்குரிய நிறைவைப் பெற்றிருத்தலே மாட்சி. மனிதனின் மாட்சி யாது என்பதே சாக்ரட்டீஸ் முதலானோர் கேட்ட வினா.

அவ்வினாவிற்கு ஸ்டோயிக்கர் கூறிய விடை தமிழர்க்குச் சற்று அணுக்கமானது. கி.மு. 300ஐ ஒட்டிச் சைப்பிரசுத் தீவினரான சீனோ, ஏதென்ஸில் 'ஸ்டோவா' எனப்பட்ட தூண்வரிசைக் கூடத்தில் பாடம் சொன்னார். பள்ளியின் பெயர் அக்கூடத்தால் வந்தது. வீவக அடுக்குமாடிகளின் திறந்த கீழ்த்தளத்தைச் சுட்டினால் மாணவர் உடனே உணர்ந்துகொள்கின்றனர். இப்பள்ளி பின்னர் உரோமில் வேரூன்றியது. அடிமையாயிருந்த எபிக்டீட்டஸும், கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் ஒரே பள்ளியினர் என்பது எண்ணத்தக்கது.

உலக மாந்தர் யாவரையும் ஓரூரார் எனக் கொள்ளும் இவர்தம் கொள்கையைத் தமிழ் மரபோடு ஒப்புநோக்கியவர், உரோமையில் பயின்றவரும் 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கியவருமான தனிநாயக அடிகள். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலை உரோம ஸ்டோயிக்கரோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் நம்மிடையே பரவியதில் அவர்க்குப் பெரும் பங்குண்டு.

எனினும் ஒப்புமையைத் தாக்கமெனக் கொள்ளலாகாது. வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரசு ஏடு கடனையும் சரக்கையும் விலையையும் பேசுகிறது. கருத்துகள் கப்பலேறியதற்கு அது சான்றாகாது. மேலும், தெப்பம் நீரோட்டத்தின் வழிச் செல்வதுபோல் உயிர் ஊழின் வழிச் செல்லும் எனப் பாடிய அதே பூங்குன்றனார் பெயரில் நற்றிணை 226ஆம் பாடலும் உள்ளது. அது பொருள்வயிற் பிரிவால் வருந்தும் தலைவியின் கூற்று. இன்பதுன்ப உணர்ச்சிகளின் பிடியிலிருந்து விடுபடுதலை ஸ்டோயிக்கர் மாட்சி என்றனர். நற்றிணைத் தலைவியிடம் அவ்விடுதலையை நாம் காணவில்லை. பூங்குன்றனார் அதனை அவளிடம் வேண்டியதாகவும் தெரியவில்லை. இவ்விரு பாடல்களையும் ஒருங்கே வைத்த பின்னரே மார்க்கஸ் அரேலியஸை மாணவர்க்குப் பாடமாக்குகிறோம்.