குற்றாலச் சீசன்: நெல்லை உள்ளூர்வாசிகளின் பயணத் திட்டம்

குற்றாலச் சீசன் என்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை, குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் விழும் காலத்தைக் குறிக்கும். குற்றாலம் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் புதிதாக அமைந்த தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. அருவிகளின் நீரைச் சுமந்து வரும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. எனவே நிர்வாக எல்லை மாறினாலும் குற்றாலம் தாமிரபரணிப் படுகையின் பகுதியே.

வெளியூர்க்காரர் குற்றாலத்துக்கு வருவதற்கும், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஆலங்குளம் போன்ற ஊர்களில் வசிப்பவர் போய்வருவதற்கும் வேறுபாடு உண்டு. வெளியூர்க்காரர் ஒரு மாதத்துக்கு முன்பே விடுப்பு சொல்லி, அறை பதிவு செய்து வருகிறார். வந்த அன்று தண்ணீர் இல்லாவிட்டாலும், குளிக்கத் தடை போட்டிருந்தாலும் அவருக்கு வேறு வழி இல்லை. உள்ளூர்க்காரர் முந்தைய நாள் இரவு முடிவெடுத்து, விடியற்காலையில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரு சீசனில் மூன்று நான்கு முறை போகலாம். பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்கு அருகில் வசிப்பவர்கள் ஆண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, கூட்டமில்லாத நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் போய்வருவதைப் போன்றது இது. பேரருவியில் குளிக்க நுழைவுச் சீட்டும் கிடையாது. ஆனால் பூங்காவில் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் ஊழியர் கையில் இருக்கிறது. இங்கே அதைத் தீர்மானிப்பது மலைமேல் பெய்யும் மழை.

சாரல் வரும் வழி

திருநெல்வேலி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. கேரளத்தில் ஜூன், ஜூலையில் கொட்டும் மழை மலையைத் தாண்டும்போது பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நகரத்துக்குக் காற்றும் மேகமும் மட்டுமே வந்து சேர்கின்றன. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடுகிறது. அந்த வழியாக ஈரக்காற்று புகுந்து தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் மெல்லிய தூறலாக விழுகிறது. இதுவே சாரல். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் அளவுக்கு வீசும் காற்றும் இதே கணவாய் வழியாக வருவதுதான்.

சாரல் அடித்தால் அருவியில் தண்ணீர் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மை. ஊருக்குள் விழும் தூறல் அருவியை நிரப்பாது. மலையின் மேல்பகுதியில், செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் மேலே உள்ள காட்டில் நல்ல மழை பெய்தால்தான் பேரருவியில் தண்ணீர் வரும். கீழே இதமாகச் சாரல் அடிக்க, பாறையில் நூல் போல மட்டும் தண்ணீர் வடியும் நாள்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

நீர்மட்டப் பட்டியல்

நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் நாள்தோறும் அணைகளின் நீர்மட்டம் வெளியாகிறது. விவசாயிகளுக்காக வரும் செய்தி இது. அருவிக்குப் போக நினைப்பவருக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பாபநாசம் (காரையாறு) அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஜூன் மாதத்தில் பாபநாசம் அணை ஒரே நாளில் சில அடிகள் உயர்ந்தால் பொதிகை மலையில் மழை பிடித்துவிட்டது என்று பொருள். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. ஜூலையில் அது உயராததைக் கண்டு சீசன் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

குற்றாலத்துக்கு இன்னும் நெருக்கமான அடையாளம் செங்கோட்டை அருகே உள்ள குண்டாறு அணை. இதன் உயரம் சுமார் 36 அடிதான். சிறிய அணை என்பதால் பருவமழை தொடங்கிய சில நாள்களிலேயே பெரும்பாலும் மற்ற அணைகளை முந்தி நிரம்பிவிடும். குண்டாறு நிரம்பியது என்ற செய்தி வந்தால் ஐந்தருவியில் எல்லாக் கிளைகளிலும் தண்ணீர் விழுகிறது என்று தென்காசிப் பக்கத்தார் கணக்கிடுவார்கள். 132 அடி உயரமுள்ள அடவிநயினார் அணை நிரம்பச் சற்றுக் காலம் பிடிக்கும். இவற்றோடு, தென்காசியில் இருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து "தண்ணி விழுதா?" என்று கேட்பதும் பழைய வழக்கம். இன்று அதன் இடத்தை வாட்ஸ்அப் காணொளிகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் போன ஆண்டுக் காணொளிகளும் கலந்து வருவதால் அனுப்பியவரிடம் நாளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நாளும் நேரமும்

சனி, ஞாயிறு, ஆடி மாத விடுமுறைகள், அரசு நடத்தும் சாரல் திருவிழா நாள்கள் ஆகியவை நெரிசல் மிகுந்தவை. பேரருவியின் கீழ் ஒரு நிமிடம் நிற்க அரை மணி நேரம் வரிசையில் நடுங்க வேண்டியிருக்கும். உள்ளூர்வாசிக்கு வார நாளின் விடியற்காலை உகந்தது. ஐந்து, ஆறு மணிக்கு அருவிக்கரையில் இருந்தால் கூட்டம் சேர்வதற்குள் குளித்து முடித்துவிடலாம்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரண்டாவது கூட்டம் வருகிறது. செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் தங்கிக் குளித்துச் செல்வது வழக்கம். வடகிழக்குப் பருவமழையால் அப்போதும் அருவியில் தண்ணீர் இருக்கும். ஆனால் அந்த மழை சாரலாக இருப்பதில்லை. கனமழையாகக் கொட்டுவதால் அருவிகளில் தடை விதிக்கப்படும் நாள்களும் அதிகம்.

எந்த அருவி, எந்த வழி

பேரருவி குற்றாலநாதர் கோயிலுக்கு அருகிலேயே விழுகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்தால் கீழே யாரும் நிற்க முடியாது. இடையில் உள்ள பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிவதால் வேகம் குறைகிறது. முதியவர்களோடு போகிறவர்களுக்குப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய இந்த அருவி வசதியானது. ஐந்தருவி சில கிலோமீட்டர் தள்ளி உள்ளது. அங்கே போகும் வழியில் வெண்ணமடைக்குளத்தில் படகுக் குழாமும், அருவிக்கு அருகே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவும் உள்ளன. குழந்தைகளுடன் செல்வோர் புலியருவியை விரும்புவர். உயரமும் வேகமும் குறைவு. செண்பகாதேவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நினைத்த நேரத்தில் ஏறிப் போக முடியாது.

பழைய குற்றாலம் தனியாக, தென்பக்கம் உள்ளது. அம்பாசமுத்திரம், கடையம் பகுதியினர் தென்காசி ஊருக்குள் நுழையாமல் மத்தளம்பாறை வழியாக இந்த அருவிக்குச் சென்றுவிடுவார்கள். சீசன் ஞாயிறுகளில் தென்காசி–குற்றாலம் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது இந்த வழியின் அருமை தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகச் சாலைத் தொலைவு சுமார் 60 கிலோமீட்டர். ரயிலில் செல்வோர் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம் வழியாகத் தென்காசியில் இறங்கி, அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் பேருந்தில் போகலாம். இந்தப் பாதை 2012இல் அகலப்பாதையானது. ரயிலில் கட்டணம் குறைவு. சன்னலோரம் கிடைத்தால் வயலும் மலையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஈரத் துணியோடு திரும்பும் குடும்பத்துக்குப் பேருந்தைவிட ரயில் பெட்டியில் இடம் தாராளம்.

சாப்பாடு பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புளியோதரையும் தயிர்ச் சோறும் கட்டிக்கொண்டு போவது பழைய முறை; அதைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்ற ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார வேண்டும். செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளுக்குப் போகிறவர்கள் அதற்காகவே தாமதமாகத் திரும்புவார்கள். சீசனில் மங்குஸ்தான், ரம்புத்தான் பழங்கள் கிடைக்கும்.

திடீர் வெள்ளம்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினர். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அது சீசன் அல்ல. தென்மேற்குப் பருவமழை தொடங்கவே இரு வாரங்கள் இருந்தன. மலைமேல் பெய்த கோடைமழையே காரணம். இறந்த சிறுவன் தொலைதூரத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணி அல்லன், ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வசித்தவன் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பலமுறை போன இடம் என்ற பழக்கம் உள்ளூர்வாசியின் பயத்தைக் குறைத்துவிடுகிறது.

அருவிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது, மிகச் செங்குத்தானது. பெரிய ஆற்றில் மேலே பெய்த மழை கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். குற்றால மலையில் அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரலாம். வெள்ளையாக விழும் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, சருகும் குச்சியும் கல்லும் கலந்து விழுவது, இரைச்சல் கூடுவது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளைத் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். காவல்துறையினர் ஊதலடித்து வெளியேறச் சொல்லும்போது "இன்னும் ஒரு நிமிஷம்" என்று நிற்கக் கூடாது.

வானிலை மையம் தென்காசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதில் உள்ளூர்வாசிக்கு எந்த நட்டமும் இல்லை. அறைக்குக் கட்டிய முன்பணம் இல்லை, ரத்தாகும் பயணச்சீட்டு இல்லை. அடுத்த வாரமும் அருவி அங்கேயே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் படுகையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெய்த பெருமழை, ஓர் இரவுக்குள் நிலைமை எவ்வளவு மாறும் என்பதைக் காட்டியது. காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது.

குளிக்கும் விதிகள்

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஒரு காலத்தில் குற்றாலத்தின் அடையாளமாக இருந்தது. கரையிலேயே எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் இருந்தனர். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி அருவிகளில் எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. பாறை வழுக்குவதும், கீழே குடிநீருக்கும் பாசனத்துக்கும் போகும் சிற்றாறு மாசுபடுவதும் இதற்குக் காரணங்கள்.

சில தனியார் விடுதிகள் மலையிலிருந்து வரும் ஓடைகளைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவிகளை உருவாக்கின. கூட்டமில்லாத தனி அருவி என்ற விளம்பரம் பலரை ஈர்த்தது. இயற்கை நீரோட்டத்தை இவ்வாறு மாற்றுவதற்கு எதிரான வழக்கில் 2022இல் மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. தண்ணீரை மலையிலிருந்து திருப்பி எடுத்தால் அது பொது அருவிக்கும் கீழேயுள்ள குளங்களுக்கும் குறைந்துவிடுகிறது. பொது அருவியில் தண்ணீர் இல்லை என்று சொல்லித் தனியார் அருவிக்கு அழைக்கும் தரகரிடம் இதை நினைவில் வைத்துப் பேச வேண்டும்.

குற்றாலத்தில் தண்ணீர் இல்லாத நாள்களில்

பிப்ரவரி முதல் மே வரை குற்றாலப் பாறைகள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அப்போது நெல்லை மக்கள் போவது பாபநாசத்துக்கு மேலே உள்ள அகத்தியர் அருவி. மேலே உள்ள அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படுவதால் இங்கே ஆண்டு முழுவதும் நீர் விழுகிறது. இது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசம் சோதனைச் சாவடியில் நெகிழிப் பைகளையும் மதுவையும் தேடிப் பறிமுதல் செய்வார்கள். மாலையில் திரும்பிவிட வேண்டும். புலிகள் கணக்கெடுப்பு நடக்கும் நாள்களில் அனுமதி இருக்காது. ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும் நாள்களில் தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. கோயிலுக்குப் போகாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நலம். மணிமுத்தாறு அருவிக்கும் வனத்துறைக் கட்டணமும் அனுமதி நேரமும் உள்ளன.

பாபநாசம் படித்துறையில் குளிப்போர் பரிகாரமாக உடுத்த துணியை ஆற்றில் விடுவதால் டன் கணக்கில் துணி சேர்ந்து அள்ளப்படுகிறது. அந்த இடங்களில் காலில் துணி சிக்கும் ஆபத்தும் உண்டு.

சறுக்கு விளையாட்டும் அலைக்குளமும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் கன்னியாகுமரியில் பேவாட்ச், மதுரை பரவையில் அதிசயம் ஆகிய பூங்காக்கள் உள்ளன. இவை ஒரு முழு நாளையும் குடும்பத்துக்குக் கணிசமான செலவையும் கேட்பவை. நகருக்குள்ளேயே அரை நாள் போதுமென்றால், கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையோரம் 1987 முதல் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அருவியில் தடை என்று செய்தி வந்த காலையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம்.