ஸ்க்ராட்ச்: தரையில கிழிச்ச ஒரு கோடு

போன மாசம் ஒரு இன்டர்வியூல, "எல்லாத்தையும் ஸ்க்ராட்ச்ல இருந்து ஆரம்பிச்சேன்"னு பெருமையா சொல்லிட்டேன். அதைக் கேட்டுட்டு அம்மா போன் பண்ணாங்க. "முதல் மைக் யாருடா வாங்கிக் கொடுத்தது?"

பதில் இல்லை. அப்புறம்தான் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன்.

ஸ்க்ராட்ச் என்றால் கீறல். பழைய ஆங்கில விளையாட்டுகளில், பந்தயம் தொடங்கும் இடத்தில் தரையில் கிழிக்கும் கோட்டுக்கும் அதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹேண்டிகேப் ஓட்டங்கள் ரொம்பப் பிரபலம். வேகம் குறைஞ்சவங்களைக் கோட்டுக்குச் சில கஜம் முன்னாடி நிக்க வைப்பாங்க. அப்போதான் யார் ஜெயிப்பாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பணம் கட்டுறவங்களுக்கும் சுவாரசியம்! எந்தச் சலுகையும் இல்லாம கோட்டிலேயே நிக்கிறவர் 'ஸ்க்ராட்ச் மேன்'. அவர் யாருன்னா, இருக்கிறதுலயே வேகமான ஆள். கோல்ஃப்ல இன்னைக்கும் ஹேண்டிகேப் 0 உள்ளவரை ஸ்க்ராட்ச் பிளேயர்னுதான் சொல்றாங்க. சாதாரண ஆள் இல்லை.

நாம இப்போ அதை 'கையில ஒண்ணுமே இல்லாம'ங்கிற அர்த்தத்துல சொல்றோம். அந்தக் கோட்டைக் கேட்டா, 'யாரும் என்னை முன்னாடி நகர்த்தி வைக்கல'ன்னு சொல்லும். எனக்கு ரெண்டுமே பொருந்தல. அம்மா வாங்கிக் கொடுத்த மைக்கோட சில கஜம் முன்னாடி நின்னவன் நான்.

அடுத்த இன்டர்வியூல சொல்லிடறேன்மா.