இலவசம்தான், ஆனால் கவனிக்க வேண்டும்

"இலவச மென்பொருளில் பிழை வந்தால் யார் திருத்துவது?" என்று கடைக்கணக்கைக் கணினிக்கு மாற்றிய நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தையே உதாரணமாகச் சொல்வேன். உரிமக் கட்டணம் இல்லை. உலகின் பல நாடுகளில் உள்ளவர்கள் சேர்ந்து பிழைகளைத் திருத்தி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது திருத்தப் பதிப்பு வெளியிடுகிறார்கள். அதை நிறுவுவது பெரும்பாலும் சிறிது நேர வேலை. தரவுகளை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால், ஒவ்வொரு பிரதான பதிப்புக்கும் இந்தப் பராமரிப்பு ஐந்து வருடங்களே. 2020இல் வந்த 13ஆம் பதிப்புக்கு 2025 நவம்பருடன் முடிந்துவிட்டது. அதன்பின் புதிய பிரதான பதிப்புக்குத் தரவுகளையும் மாற்ற வேண்டும். முதலில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் கணினியில் இருப்பது எத்தனையாம் பதிப்பு? இன்றே கேளுங்கள். பிறரின் கொடுக்கல் வாங்கல் கணக்கு நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?